ஸ்ட்ரால்சுண்ட் தொகுதியும் அதன் தேர்தல்களும்

ஜெர்மனி தேசத்தின் வடகீழ்க்கோடியில், பால்டிக் கடலோரமாக, ஸ்ட்ரால்சுண்ட் என்னும் பழந்துறைமுகப் பட்டினமும் அதற்கெதிரே ரூகன் என்னும் பெருந்தீவும் உள. இவற்றையும் அடுத்துள்ள ஊர்களையும் சேர்த்து 1990-இல் அமைந்த பார்லிமெண்டுத் தொகுதி ஸ்ட்ரால்சுண்ட்–ரூகன்–கிரிம்மன் எனப் பெயர் பெற்றது. பின்னர் எல்லையோடு பெயரும் மாறி, இன்று ஒரு மூச்சிற் சொல்லவியலாத நீண்ட பெயரால் வழங்குகின்றது. யாம் இங்குச் சுருக்கமாக ஸ்ட்ரால்சுண்ட் தொகுதி என்றே குறிப்போம்.

இத்தொகுதி கிழக்கு ஜெர்மனியைச் சார்ந்தது. பொதுவுடைமை ஆட்சியின்கீழ் அங்கும் தேர்தல்கள் நடந்தனவெனினும், ஒரே பட்டியல் அச்சிட்ட தாளை வாங்கி மடித்துப் பெட்டியிலிடுவதே வாக்களிப்பாயிருந்தது. ஜனங்கள் அதனை ‘மடிக்கப் போதல்’ என்றே நகையாடினர். அதற்கு முன்போ ஹிட்லரின் ஆட்சி. ஆகவே, 1932 நவம்பருக்குப் பின் அந்நாட்டார் முழு விடுதலையோடு தம் பார்லிமெண்டைத் தெரிந்தது 1990 மார்ச்சிலேயாம். இருபது வயதிலேயே வாக்குரிமை கிடைத்த அக்காலத்தைக் கணக்கிடின், எழுபத்தேழு வயது கடந்தவரன்றிப் பிறரெவரும் அங்கு அதற்குமுன் அத்தகைய வாக்கை அளித்திருக்க வழியில்லை. அவ்வாண்டு அக்டோபர் 3-இல் இரு ஜெர்மனிகளும் ஒன்றாயின. டிசம்பர் 2-இல் பொதுத்தேர்தல் வந்தது.

ஜெர்மானிய முறையில் ஒவ்வொருவர்க்கும் இரண்டு வாக்குகள் உண்டு. முதல்வாக்கு தொகுதியில் நிற்கும் அபேட்சகருக்கு. நம் நாட்டிற் போலவே, மற்றையோரினும் மிகுதி பெற்றவர் வென்றவராவர். இரண்டாம் வாக்கு கட்சிக்கு. சபையில் எக்கட்சிக்கு எத்தனை இடமென்பதை அதுவே அளக்கும். மனிதரை வேறாகவும் கட்சியை வேறாகவும் எடைபோட இடந்தரும் இவ்வேற்பாடு எமக்கு மிக்க நேர்த்தியாகத் தோன்றுகின்றது. ஆயினும் முதல்வாக்கு மெய்யாகவே மனிதருக்குத்தான் விழுகின்றதா? இவ்வினாவிற்கு ஸ்ட்ரால்சுண்டின் சரித்திரம் நல்லதோர் உரைகல்.

1990-இல் அங்கே கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் அபேட்சகராக நின்றவர் அங்கேலா மெர்க்கெல் அம்மையார். இவர் அவ்வூரினரல்லர். ஹாம்பர்க்கிற் பிறந்து, லுத்தரன் போதகராகிய தந்தையாரோடு குழந்தைப் பருவத்திலேயே கிழக்கே சென்று, டெம்ப்ளின் என்னும் சிற்றூரில் வளர்ந்து, பௌதிக சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். தேர்தலுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னர், ரூகன் தீவின் லோபே என்னுமிடத்தில் ஒரு குடிலுள் மீனவர் நடுவே அவர் அமர்ந்திருந்த காட்சி புகைப்படமாயிற்று. பேச்சுமேடையன்று, மாலையன்று, சாளரத்தின் வெளிச்சமும் களைத்த முகங்களுமே அதிலுண்டு. பின்னாளில் இப்படம் பெரும்புகழ் எய்தியது.

அவ்வாண்டு நூற்றுக்கு 48.5 வாக்குகள் பெற்று வென்ற அம்மையார் அதன்பின் அங்குத் தோற்றதேயில்லை. 1998-இல் அவர் கட்சி தேசத்தின் ஆட்சியையே இழந்தபோதும், நூற்றுக்கு 37.3 பெற்று இத்தொகுதியைக் காத்துக்கொண்டார். 2005-இல் பிரதம மந்திரியானார். மறு ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி புஷ்ஷைத் தம் தொகுதிக்கே அழைத்து, டிரின்வில்லர்ஷாகன் என்னும் கிராமத்தில் காட்டுப்பன்றி வாட்டி விருந்தளித்தார். 2013-இல் நூற்றுக்கு 56.2 என உச்சம் தொட்ட வாக்கு, 2017-இல் 44 ஆகக் குறைந்தது. எட்டுத் தேர்தல்களில் எட்டு வெற்றி!

2021-இல் அவர் நிற்கவில்லை. உடனே தொகுதி அவர் கட்சியின் கையை விட்டு நழுவியது. வென்றவர் சமூக ஜனநாயகக் கட்சியின் அன்னா கசௌட்ஸ்கி. 1993-இற் பிறந்த இவர், மெர்க்கெல் அம்மையார் முதன்முதல் வென்ற காலத்தில் உலகிலேயே இல்லை. அவர் பெற்றதோ நூற்றுக்கு 24.3 மட்டுமே. நால்வரில் மூவர் பிறர்க்கு வாக்களித்தும் அவரே பிரதிநிதி! முப்பத்தோராண்டு அங்கு விழுந்த முதல்வாக்குகளுட் பல கட்சிக்கன்றி மெர்க்கெல் என்னும் பெயருக்கே விழுந்தனவென்பது எம் கருத்து. ஆயினும் தேசமெங்கும் அவ்வாண்டு அக்கட்சி சரிந்ததென்பதையும் மறுக்கவொண்ணாது.

2025 பிப்ரவரித் தேர்தலில் தொகுதி மீண்டும் கைமாறி, ஜெர்மனிக்கான மாற்று என்னும் வலதுசாரிக் கட்சியின் டாரியோ சைஃபெர்ட் வென்றார். 2023-இற் செய்த புதுச்சட்டப்படி, கட்சியின் இரண்டாம் வாக்குப் பங்கு இடங்கொடாவிடில், தொகுதியில் முதல்வந்தவருக்கும் சபையில் ஆசனமில்லை. அவ்வாறு வென்றும் வெளியே நின்றோர் தேசமெங்கும் 23 பேர். ஸ்ட்ரால்சுண்டில் வென்றவர் அவருள் ஒருவரல்லர்.