முகத்தில் எது முதலில், எது பிறகு?

கைத்தொலைபேசியில் பார்த்து ஓடர் போட்ட சீரம் இப்போது இரத்தினபுரி, கேகாலைத் தோட்ட லயங்களுக்கும் வந்து சேருகிறது. விற்றமின் சி, நியாசினமைட், ரெட்டினோல், சலிசிலிக் அமிலம் என்று நான்கு போத்தல்கள். எல்லாவற்றையும் ஒரே வேளையில் பூசினால் பலன் கூடாது, எரிச்சல்தான் கூடும்.

தண்ணீர்ப் பதமானது முதலில், எண்ணெய்ப் பதமானது கடைசியில். எண்ணெய்ப் படலம் முதலில் படிந்துவிட்டால் தண்ணீரில் கரைந்த மருந்து தோலுக்குள் இறங்கச் சிரமப்படும். வரிசைக்கு இது போதும். எதை எதோடு சேர்க்கலாம் என்பதுதான் சிக்கல். சுத்தமான விற்றமின் சி தோலுக்குள் செல்ல அதன் அமிலத்தன்மை பிஎச் 3.5க்குக் கீழே இருக்க வேண்டும். காற்றும் வெளிச்சமும் பட்டால் அது கெட்டுவிடும். பழுப்பு நிறமானதை வீசிவிடுங்கள். ரெட்டினோலும் வெளிச்சம் தாங்காது, ஆகவே அது இரவுக்கு. சலிசிலிக் அமிலம் பூசும் இரவில் ரெட்டினோல் வேண்டாம், ஒன்றுவிட்டு ஒரு நாள் மாற்றிப் பூசலாம். கர்ப்பிணிகள் ரெட்டினோலைத் தொடவே கூடாது. நியாசினமைட் சாது, விற்றமின் சியோடும் ஒத்துப்போகும். இரண்டும் சேரக்கூடாது என்ற பழைய பயம் முகத்தில் பூசும் அளவுக்குப் பொருந்தாது.

காலையில் கடைசியாக சன்ஸ்கிறீன். இரத்தினபுரியும் கேகாலையும் உள்ள சப்ரகமுவ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகை அளவில்தான் இருக்கிறது. மழை மேகம் மூடினாலும் புறஊதாக் கதிர் இறங்கும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும் என்பார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்க மலையில் நிற்பவருக்கு அதற்கு நேரம் ஏது? வியர்வையில் அது கரைந்தும் போகும். அவருக்கு அகன்ற தொப்பியும் முக்காடும்தான் முதல் சன்ஸ்கிறீன். அமிலமும் ரெட்டினோலும் தோலை வெயிலுக்கு இளக்கிவிடும் என்பதால், வெயிலில் வேலை செய்பவர் அவற்றைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

தேசிக்காய்ச் சாற்றைப் பூசிக்கொண்டு மலைக்குப் போவது அதைவிட மோசம். அதிலுள்ள ஃபியூரோகூமரின் என்ற பொருள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கும். ஆறிய பிறகும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வெள்ளையாக வேண்டுமென்று பூசியது கறுப்பாக முடியும்.

இதையெல்லாம்விட எனக்குப் பயம், லேபல் இல்லாத டப்பியில் வரும் ‘வெள்ளைக் கிறீம்’. சிலவற்றில் பாதரசம் கலக்கிறார்கள். அது தோலின் நிறமியான மெலனின் உருவாவதைத் தடுத்து நிறத்தை வெளிறச் செய்யும், கூடவே சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் சந்தைக்கு வரும் ஒவ்வொரு டப்பியையும் திறந்து சோதிக்க முடியாது. உள்ளே என்ன இருக்கிறது, யார் தயாரித்தார்கள் என்று அச்சிடாத கிறீமை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.