மழை இரவில் ஒரு விமானியின் தீர்மானம்

மார்கழி மழையில் அக்கரை மறைந்துபோகும் இரணைமடுக் குளத்தருகே, விமானப்படையின் ஓடுபாதையைக் காணுந்தோறும், 2020 ஆகஸ்ட் 7 இரவு துபாயிலிருந்து வந்து, கோழிக்கோட்டின் மேட்டுநில ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் வீழ்ந்து, விமானிகள் இருவர் உட்பட 21 பேரை மாய்த்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானமே என் நெஞ்சில் தோன்றுகிறது. பெருமழை, பின்காற்று, தலைமை விமானியின் கண்ணாடித் துடைப்பானோ முதல் முயற்சியிலேயே நின்றுபோயிற்று. வேறு நிலையத்துக்குச் செல்ல எரிபொருள் இருந்தும் அவர் மறுபடி இறங்க முனைந்ததற்கு, மறுநாட் காலை அவரே இன்னொரு விமானம் ஓட்டவேண்டியிருந்ததும், கோழிக்கோட்டுத் தளத்தில் போதிய தலைமை விமானிகள் இல்லாதிருந்ததும் தூண்டுகோலாயின என்றது இந்திய அரசின் விசாரணை அறிக்கை. அதட்டல் வேண்டியதில்லை, பணிப்பட்டியலே நிர்ப்பந்தமாகிவிடுகிறது. இறங்காது திரும்பியவருக்குத் தண்டனையில்லை என்று எழுதிவைத்தால் மட்டும் போதுமோ? மறுநாள் விமானத்துக்கு மாற்று விமானி ஒருவர் ஆயத்தமாயிருக்க வேண்டாவோ?