மலையில்லாத ஊரில் மவுன்டன் பைக்... கட்டைவிரல் ஏன் வலிக்கிறது?

பேராவூரணியில் நின்றுகொண்டு மலை எங்கே இருக்கிறது என்று கேட்டால் சிரிப்பார்கள். தென்னந்தோப்பு, வயல், கல்லணைக் கால்வாயின் கடைமடை வாய்க்கால்கள்... அவ்வளவுதான். ஏத்தம்னு சொன்னா வாய்க்கால் பாலம் ஒண்ணுதான். ஆனாலும் பையன் அடம்பிடித்து வாங்குவதும், அப்பா தொப்பையைக் குறைக்க வாங்குவதும் தடித்த டயர், நேரான ஹேண்டில்பார், முன்னால் ஸ்பிரிங் வைத்த மவுன்டன் பைக்தான். அதில் தப்பே இல்லை. ஆற்றங்கரை மண்பாதைக்கும் ஜல்லி பெயர்ந்த ரோட்டுக்கும் அந்த டயர்தான் தோது.

காலையில் கிளம்பி சேதுபாவாசத்திரம் வழியாக மனோரா வரை மிதித்துவிட்டு வந்தால் தொடை வலிக்கும், உட்கார்ந்த இடம் வலிக்கும். அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். கட்டைவிரல் எதுக்குங்க வலிக்கணும்? மறுநாள் சட்டை பட்டன் போட முடியவில்லை, தண்ணீர் பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை என்று பலரும் திகைப்பது இங்கேதான். உடனே தைலத்தை எடுத்துத் தேய்க்காதீர்கள். முதலில் இரண்டு கேள்விகள். எந்தக் கை வலிக்கிறது? விரலில் சரியாக எந்த இடம்?

இரண்டு கட்டைவிரலும் ஒரே மாதிரி வலித்தால், பெரும்பாலும் உங்கள் உடல் எடை கையில் இறங்குகிறது என்று அர்த்தம். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் நீங்கள் முன்னால் வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள். அதைத் தடுக்க கை ஹேண்டில்பாரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சீட்டை மட்டமாக வையுங்கள். சைக்கிள் உங்களுக்குப் பெரியதாக இருந்தாலும் இதே கதைதான். 'வளர்ற பையன், ரெண்டு வருஷத்துக்கு வரட்டும்' என்று ஒரு சைஸ் கூட்டி வாங்குவது நம்மூர் வழக்கம். அந்த இரண்டு வருஷமும் அவன் எட்டி எட்டிப் பிடித்துத்தான் ஓட்டுவான்.

அடுத்தது காற்று. டயர் கல்லு மாதிரி இருந்தால்தான் வேகமாகப் போகும் என்று நிறைய பேர் நம்புகிறார்கள். தார் ரோட்டில் அது ஓரளவு சரி. கரடுமுரடான பாதையில் ஒவ்வொரு கல்லின் அதிர்வும் நேராக உள்ளங்கைக்கும் கட்டைவிரல் அடிமூட்டுக்கும் வந்து சேரும். எவ்வளவு காற்று வைக்கலாம் என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். அதில் கீழ் அளவை ஒட்டி வைத்துப் பாருங்கள். முன்னால்தான் ஸ்பிரிங் இருக்கிறதே என்பீர்கள். விலை குறைந்த சைக்கிள்களில் வரும் இரும்பு ஸ்பிரிங் ஒல்லியான ஆளுக்கு அசையவே அசையாது. அது பெரும்பாலும் அழகுக்குத்தான்.

ஒரு கை மட்டும் வலித்தால் சந்தேகம் கியர் மேல் போக வேண்டும். மவுன்டன் பைக்கில் கியரை மாற்றும் பெரிய லீவரைக் கட்டைவிரலால்தான் தள்ள வேண்டும். வலது கை பின் கியருக்கு, இடது கை முன் கியருக்கு. உள்ளே ஓடும் கேபிள் துருப்பிடித்துவிட்டால் லீவர் கனத்துவிடும். கடல் பக்கம் உப்புக்காற்று, வயல் பக்கம் சேறு... நம்ம பகுதியில் கேபிள் சீக்கிரமே இறுகிவிடும். ஒரு நாளைக்கு நூறு தடவை அதைத் தள்ளினால் விரல் என்ன ஆகும்? உள் கம்பியையும் மேல் உறையையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். சின்னச் செலவுதான். லீவர் பழையபடி லேசாகிவிடும்.

இடது கட்டைவிரல் மட்டும் வலிக்கிறவர்களுக்கு ஒரு ரகசியம். முன் கியரை மாற்ற வேண்டிய அவசியமே டெல்டாவில் கிடையாது. மூன்று பல்சக்கரம் இருந்தால் நடுவில் போட்டு விட்டுவிடுங்கள். ஆடிக் காற்று எதிரே அடித்தாலும் பின் கியரை மாற்றியே சமாளிக்கலாம்.

பிரேக் லீவரின் சாய்வையும் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து விரல்களை பிரேக் மேல் வைத்தால் முழங்கை, மணிக்கட்டு, புறங்கை மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மணிக்கட்டு மேலே மடங்கினாலும் கீழே தொங்கினாலும் ஆலன் கீயால் லேசாகத் தளர்த்தித் திருப்பிக்கொள்ளலாம். பிறகு மறக்காமல் இறுக்குங்கள். கிரிப்பை உடும்புப் பிடி பிடிக்கவும் வேண்டாம். கட்டைவிரல் நுனியில் ஒரு கிலோ விசை கொடுத்து எதையாவது கிள்ளிப் பிடித்தால், அதன் அடிமூட்டில் சுமார் 12 கிலோ அழுத்தம் இறங்குகிறது. அந்த மூட்டுதான் வயதாகும்போது, குறிப்பாகப் பெண்களுக்கு, சீக்கிரம் தேய்வதும். நாள் முழுக்கத் தேங்காய் உரிக்கிற கை, பைக் ஆக்ஸிலரேட்டர் முறுக்குகிற கை, ராத்திரி பூரா போனைத் தள்ளுகிற கை என்றால் சைக்கிள் கடைசிச் சுமைதான். முதல் சுமை அல்ல.

சரி, வலி விரலில் இல்லாமல் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இருந்தால்? கட்டைவிரலை உள்ளே மடித்து, மற்ற விரல்களால் மூடி, மூடிய கையை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். சுருக்கென்று உயிர் போகிற மாதிரி வலித்தால், கட்டைவிரலை இழுக்கும் தசைநாண்களின் உறை வீங்கியிருக்கலாம். 1895-ல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து மருத்துவரின் பெயரால் 'டி குவெர்வெய்ன்' என்பார்கள். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி அம்மாக்களுக்கு வருவதும் இதேதான். இந்தச் சோதனை நல்ல கையிலேயே கொஞ்சம் இழுக்கும் என்பதால் இரண்டு கையிலும் செய்து ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று வாரம் சைக்கிளுக்கு லீவு, கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற ஸ்பிளின்ட், ஐஸ் ஒத்தடம். அடங்கவில்லை என்றால் எலும்பு டாக்டர் போடும் ஊசி நிறைய பேருக்குக் கேட்கும்.

வலியைவிட மரத்துப்போவதுதான் அதிகம் என்றால் அது நரம்பு விஷயம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால் ஒரு நரம்பு. சுண்டுவிரல் பக்கம் மரத்தால் வேறொன்று. ஓட்டும்போது அடிக்கடி கைப்பிடியை மாற்றுங்கள். இரவிலும் எழுப்பினால் காட்டிவிடுங்கள்.

கீழே விழுந்த பிறகு வரும் வலி

இதுவரை சொன்னதெல்லாம் பொறுமையாகப் பார்க்கக்கூடியவை. விழுந்த பிறகு வரும் வலி அப்படியில்லை. மண்ணில் சக்கரம் வழுக்குகிறது, கையை ஊன்றி விழுகிறீர்கள். லேசான வீக்கம், விரலை ஆட்டவும் முடிகிறது. 'எலும்பு முறிஞ்சா இப்படி ஆட்ட முடியுமா? சுளுக்குதான்' என்று ஒருவர் சொல்வார். எண்ணெய் போட்டு நீவிவிடவும் ஒருவர் வருவார்.

கட்டைவிரலை ஆட்டோவை மறிக்கிற மாதிரி நீட்டி விரியுங்கள். மணிக்கட்டுப் பக்கம் இரண்டு நரம்புபோல் தசைநாண்கள் எழும்பி, நடுவில் ஒரு குழி விழும். அந்தக் காலத்தில் மூக்குப்பொடியை அதில் கொட்டித்தான் உறிஞ்சினார்களாம். ஆங்கில மருத்துவத்திலேயே அதற்கு 'பொடி டப்பா' என்றுதான் பெயர். அந்தக் குழியை அழுத்தினால் வலிக்கிறதா? அடியில் இருக்கும் படகு வடிவ எலும்பான ஸ்காஃபாய்டு விரிசல் விட்டிருக்கலாம்.

இந்த எலும்புக்கு ஒரு விசேஷம் உண்டு. ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையில் நுழைந்து பின்னோக்கி வருகிறது. நடுவில் உடைந்தால் மறுபாதிக்கு ரத்தம் போகாமல் அந்தத் துண்டு செத்துப்போகலாம். அப்படியே விட்டால் சில வருடங்களில் மணிக்கட்டே தேய்ந்து, அரிவாள்கூடப் பிடிக்க முடியாத நிலை வரும். இதில் மோசம், முதல் நாள் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் தெரியாமலும் போகும். 'எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல' என்று நிம்மதியாக வந்துவிடாதீர்கள். குழியில் வலி இருந்தால் கட்டைவிரலோடு கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுப்பதுதான் முறை. எம்ஆர்ஐ வசதி இருந்தால் முன்பே தெரிந்துவிடும். பட்டுக்கோட்டையோ தஞ்சாவூரோ, இதற்காக ஒரு நாள் கூலி போனாலும் போய்வாருங்கள்.

விழும்போது கட்டைவிரல் ஹேண்டில்பாரில் மாட்டி வெளிப்பக்கமாக இழுபட்டால் அது இன்னொரு வகை. விரலின் நடு மூட்டில் உள்பக்கத்தைப் பிடித்திருக்கும் தசைநார் கிழியும். கை வீங்கியிருக்கும், சாவியைப் பிடித்துத் திருப்பப் பலம் இருக்காது. முழுக்கக் கிழிந்திருந்தால் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படும். அதையும் முதல் சில வாரங்களுக்குள் செய்தால்தான் நன்றாகச் சேரும். நீவிவிடுவது இந்த இரண்டுக்குமே கெடுதல்தான்.

கட்டுப் பிரித்த பிறகு எப்போது மறுபடி ஓட்டலாம்? டாக்டர் சரி என்றதும், ஈரத் துண்டை இரண்டு கையாலும் பிழிந்து பாருங்கள். வலிக்காமல் பிழிய முடிந்தால் முதலில் தார் ரோட்டில் அரை மணி நேரம் போய்வாருங்கள். மறுநாள் காலை பாட்டில் மூடி சுலபமாகத் திறந்தால் ஆற்றங்கரைப் பாதைக்குத் திரும்பலாம்.