ஜலதாரை யாருடையது?

வீட்டு ஜலதாரை அடைத்துக்கொண்டால் நாம் முதலில் வைவது நகரசபையைத்தான். தெருவிலுள்ள பெருங்குழாய் சர்க்கார் பொறுப்பு, சந்தேகமில்லை. சென்னையில் அதற்கென்றே 1978-இல் ஒரு வாரியம் ஏற்பட்டது. ஆனால் மதிலுக்கு உட்பட்ட குழாயும், தெருக்குழாய் எட்டாத வீடுகளில் கொல்லையிலுள்ள செப்டிக் டாங்கும் நம்முடையவை. எண்ணெய்ப் பிசுக்கையும் தலைமயிரையும் அவற்றில் தள்ளுகிறவர்களும் நாமே. (நகரசபை அங்கத்தினர் வந்து தள்ளுவதில்லை!)

டாங்கு நிரம்பியதும் ஒரு கூலியாளை அழைத்து, "இறங்கப்பா" என்கிறோமே, அதுதான் கொடுமை. உள்ளே தேங்கும் விஷவாயு சில மூச்சிலேயே ஆளை வீழ்த்திவிடும். காப்பாற்ற இறங்கியவனும் மாண்ட சம்பவங்கள் உண்டு. 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி, தற்காப்புச் சாதனங்களின்றி ஒருவனை இறக்கும் வீட்டுக்காரரும் குற்றவாளியே. முதல் தடவைக்கே 2 வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கழிவை உறிஞ்சும் லாரி வர இரண்டு நாள் சென்றாலும் பாதகமில்லை. அதுவரை அண்டை வீட்டில் ஸ்நானம் செய்துகொள்ளலாம்.