உங்களுக்குத் தெரியுமா? - 'டெலி' என்றால் தூரம்!

டெலிபோன், டெலிவிஷன், டெலஸ்கோப், டெலிகிராம்... இத்தனை சொற்களின் தலையிலும் உட்கார்ந்திருக்கும் 'டெலி' ஒரு கிரேக்கச் சொல். பழைய உச்சரிப்பில் 'தேலே'. பொருள்: தூரத்தில். அவ்வளவுதான். அதில் மின்சாரமும் கிடையாது, கம்பியும் கிடையாது.

ஹோமரின் 'ஒடிசி' காப்பியத்தில் ஒடிசியஸின் மகன் பெயர் டெலிமாக்கஸ். 'தூரத்தில் போரிடுபவன்' என்று அர்த்தம். டிராய்க்குச் சண்டைக்குப் போய் 20 வருடம் கழித்து வீடு திரும்பியவர் என்னவோ அப்பாதான். பெயர் மட்டும் பிள்ளைக்கு!

கலிலியோ தன் கருவியை முதலில் டெலஸ்கோப் என்று அழைக்கவில்லை. 1611 ஏப்ரல் 14 அன்று ரோம் நகரில் அவருக்கு ஒரு விருந்து. கருவி கைமாறிக் கைமாறிப் போனது. எங்கோ இருந்த லேட்டரன் கட்டடத்தில் செதுக்கியிருந்த எழுத்துகளை விருந்தினர்கள் இங்கிருந்தே படித்து அசந்து போனார்கள். அந்த விருந்தில்தான் 'டெலஸ்கோப்' என்ற பெயர் அறிவிக்கப்பட்டது. பெயரை யோசித்துக் கொடுத்தவர் டெமிசியானி என்ற கிரேக்கக் கணித அறிஞர். 'தூரத்தைப் பார்ப்பது' என்று பொருள்.

முதல் டெலிகிராஃப் மின்சாரமில்லாமல் ஓடியது! பிரான்ஸில் கிளாட் ஷாப் என்பவர் ஊருக்கு ஊர் கோபுரம் கட்டி, உச்சியில் மரக் கைகளைப் பொருத்தினார். கோபுரத்தில் இருப்பவர் டெலஸ்கோப் வழியே பக்கத்துக் கோபுரத்தைப் பார்ப்பார். அங்கே கைகள் எந்தக் கோணத்தில் நிற்கின்றனவோ, அதேபோலத் தன் கோபுரத்துக் கைகளையும் திருப்பி வைப்பார். அதை அடுத்த கோபுரத்துக்காரர் பார்ப்பார். 1794-ல் பாரிஸுக்கும் லில் நகருக்கும் இடையே இப்படித்தான் செய்தி பறந்தது. ஷாப் இதற்கு வைக்க நினைத்த பெயர் 'டாக்கிகிராஃப்', அதாவது விரைவாக எழுதுவது. 'வேகத்தைவிடத் தூரம்தானே இங்கே விசேஷம்' என்று நினைத்தாரோ என்னவோ, நண்பர் ஒருவர் 'டெலி'யைச் சேர்க்கச் சொன்னார். சரியான திருத்தம்!

டெலிகிராம் என்ற சொல் 1852-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் முன்மொழியப்பட்டது. கிரேக்க இலக்கணப்படி 'டெலிகிராஃபீம்' என்றல்லவா வர வேண்டும் எனப் பண்டிதர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஜனங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

டெலிபோனுக்குக் கிரஹாம் பெல் காப்புரிமை வாங்கியது 1876-ல். ஆனால் ஜெர்மனியின் பிலிப் ரைஸ் 1861-லேயே தன் கருவிக்கு 'டெலிஃபோன்' என்று பெயர் வைத்துவிட்டார்.

டெலிவிஷன் ஒரு கலப்புத் திருமணம். 'டெலி' கிரேக்கம், 'விஷன்' லத்தீன். 1900-ல் பாரிஸில் நடந்த மின்சார மாநாட்டில் பெர்ஸ்கி என்ற ரஷ்யர் தன் கட்டுரையில் இந்தச் சொல்லைக் கையாண்டார். பாதி கிரேக்கம், பாதி லத்தீன், இது எங்கே உருப்படப் போகிறது என்று ஆங்கிலேயப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் அலுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். இன்றைய கிரேக்கர்கள் லத்தீன் பாதியைக் கழற்றிவிட்டு, பார்வையைக் குறிக்கும் தங்கள் சொல்லையே ஒட்டிக்கொண்டார்கள்.

எச்சரிக்கை: தத்துவப் புத்தகங்களில் வரும் 'டெலியாலஜி' இந்தக் குடும்பம் இல்லை. அது 'டெலோஸ்' வழி வந்தது; முடிவு, நோக்கம் என்று பொருள்.

டெலிபோன் - தொலைபேசி, டெலஸ்கோப் - தொலைநோக்கி. 'டெலி'யும் 'தொலை'யும் காதுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன, இல்லையா? ஆனால் தொலை திராவிடச் சொல், டெலி இந்தோ-ஐரோப்பியச் சொல். ஒலி ஒத்துப்போனது தற்செயல். நம் சொல்லுக்குக் கூடுதலாக ஒரு வசதியும் உண்டு: கோபம் வந்தால் 'தொலைந்து போ' என்று சொல்லலாம். கிரேக்க டெலியை வைத்து யாரையும் திட்ட முடியாது.

டெலிகிராஃபுக்கு மட்டும் நாம் தூரத்தைத் தேடிப் போகவில்லை. கண்ணுக்குத் தெரிந்த கம்பியைப் பார்த்து 'தந்தி' என்றோம். வீணையில் இருப்பதும் அதே தந்திதான். 1942-ல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு வைத்த பெயரிலும் அந்தத் தந்தி இருந்தது. இந்தியாவில் தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றுபோனது. தந்தி பேப்பர் இன்றைக்கும் காலையில் வருகிறது.