மலைக்குள் ஓடும் நீர் – 6
பீலிக்கரைக் கணக்கு

சென்ற வாரம் கம்பளையிலிருந்து மேலே ஏறத் தொடங்கினோம். இந்த வாரம் புசல்லாவைத் தோட்டமொன்றின் பீலிக்கரையில் நிற்போம்.

மாசி, பங்குனியில் வந்து பார்க்க வேண்டும். மழை விட்டுப் பல நாளாகியிருக்கும். கீழே ஓடை கல் தெரியக் கிடக்கும். பீலியில் மட்டும் விரல் தடிப்பில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். கார்த்திகை மழையை மலை எங்கோ சேர்த்து வைத்து, நான்கு மாதம் கழித்தும் தருகிறது.

எங்கே சேர்த்தது என்பதை வீதிக்காக வெட்டிய மண்மேட்டிலேயே காணலாம். மேலே செம்மண்ணும் உருண்டு வந்த கற்களும். அதன் கீழே உளுத்த பாறை. பார்வைக்குக் கல்தான், வரி வரியாகப் பழைய கோடுகள்கூட அப்படியே இருக்கும். கையில் எடுத்து நசுக்கினால் உதிரும். மலையின் தண்ணீர்த்தொட்டி இதுதான். அதற்கும் கீழே சார்னொகைட், குவாட்சைட் போன்ற கடும்பாறை. அந்தக் கல்லுக்குள் நீர் தங்காது, வெடிப்புகளில்தான் ஓடும். மலைநாட்டில் ஆங்காங்கே சுண்ணக்கல் பட்டையும் குறுக்கிடும். அது நீரில் கரைந்து பொந்து விழும் கல் என்பதால் அங்கே தண்ணீரின் போக்கை ஊகிப்பது இன்னும் கடினம்.

இப்படிப்பட்ட சரிவில் கற்குவாரி வந்தால் பீலி நிற்குமா? குழியின் அடி, நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலேயே நின்றுவிட்டால் பாதிப்பு குறைவு. அதற்குக் கீழே போனால் சுற்றியுள்ள நீரெல்லாம் குழியைத் தேடி வரும். சமவெளிக் குழியில் அதைப் பம்ப் வைத்து இறைக்க வேண்டும். மலைச்சரிவில் அதுவும் தேவையில்லை, வெட்டிய முகத்தின் வழியே தானாகவே வடிந்துவிடும். அதனால்தான் எனக்கு மலைக்குவாரி கூடுதல் பயம் தருகிறது. பம்ப் ஓடினால் சத்தமாவது கேட்கும்.

பண்டாரவளையில் நிலத்தடி நீர் இப்படி வடிந்துபோனது. அங்கே குவாரி இல்லை, உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கம். 2014 டிசம்பரில் தோண்டும்போது பாறை வெடிப்புகளிலிருந்து நீர் பீறிட்டு உள்ளே பாய்ந்தது. மேலே ஊர்களில் கிணறுகள் வற்றின, ஆயிரக்கணக்கான வீடுகளில் சுவர் வெடித்தது. 2017 ஜூனில் மக்கள் பண்டாரவளை வீதியில் இறங்கினார்கள். திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி, கல் உடைக்க புவிச்சரிதவியல் பணியகத்தின் உரிமம் வேண்டும். உரிமத்துக்கு முன் செய்யும் ஆய்வில் இரண்டு விஷயங்களை நாம் கேட்டே ஆக வேண்டும். துளையை நேர்செங்குத்தாக மட்டும் போட்டால், செங்குத்தாக நிற்கும் வெடிப்புகள் அதில் அகப்படாமலே போகும். சில துளைகளாவது சாய்வாகப் போகட்டும். அடுத்தது காலம். மழை நாளில் ஒருமுறை வந்து அளந்த நீர்மட்டத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகை மழை, தை முதல் பங்குனி வரையான வறட்சி எல்லாம் அடங்க ஒரு முழு வருடமாவது பார்க்க வேண்டும். அதைவிடக் குறைந்த ஆய்வை நான் ஆய்வென்று ஏற்க மாட்டேன்.

அதிகாரிகள் அளக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. கிணறு வற்றிய பிறகு முன்பு எவ்வளவு தண்ணீர் நின்றதென்று காட்ட, எழுதி வைத்த கணக்கு ஒன்றுதான் கைகொடுக்கும். பத்து லீற்றர் வாளி ஒன்று, விநாடி காட்டும் கைபேசி ஒன்று. பீலியின் கீழ் வாளியை வைத்து, நிறைய எத்தனை விநாடி என்று பாருங்கள். ஞாயிறுதோறும் அதே நேரத்தில், தேதியோடு, முந்தின நாள் மழை பெய்ததா என்பதோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். கிணறென்றால் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, விளிம்பிலிருந்து நீர் எத்தனை அடி என்று குறியுங்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருவர் லயத்துக்கு லயம் இதைச் செய்யலாம்.

அடுத்த வாரம்: கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவு, 2014 ஒக்டோபர் 29.