வீட்டுக்கு ஹீட் பம்ப் வாங்கலாமா? பாண்டிச்சேரிக்கு ஒரு பக்கெட் கணக்கு

"கரண்ட் பில்லுல மூணுல ரெண்டு பங்கு மிச்சம்"னு சொல்லி, லட்ச ரூபாய்க்கு ஒரு வாட்டர் ஹீட்டரை நோ காஸ்ட் இஎம்ஐ-ல கொடுக்கறாங்க. அதுதான் ஏர் சோர்ஸ் ஹீட் பம்ப். நம்ம ஊர்ல இன்னொரு பக்கமும் இந்தப் பேச்சு வரும். பிரான்ஸ்ல இருக்கற சொந்தக்காரங்க லீவுக்கு வரும்போது, "எங்க வீட்ல பொம்ப்ப ஆ ஷலேர் போட்டோம், பில் பாதியா குறைஞ்சுடுச்சு"ன்னு சொல்லுவாங்க.

ரெண்டு பேரும் பொய் சொல்லலை. ஆனா அந்தக் கணக்கு உங்க வீட்டுக்குப் பொருந்துமா? அதைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம்.

ஹீட் பம்ப் எப்படி வேலை செய்யுது?

உங்க வீட்டு ஏசியே ஒரு ஹீட் பம்ப்தான். ரூம்ல இருக்கற சூட்டை எடுத்து வெளியே தள்ளுது. அவுட்டோர் யூனிட் பக்கத்துல நின்னா அனல் அடிக்குது இல்லையா, அந்த அனலை ஒரு தண்ணி டேங்குக்குள்ள விட்டா எப்படி இருக்கும்? அதுதான் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்.

கீசர் 1 யூனிட் கரண்ட் எடுத்தா 1 யூனிட் சூடுதான் தரும். ஹீட் பம்ப் சூட்டை உண்டாக்கறதில்லை, காத்துல இருக்கறதை இடம் மாத்துது. அதனால நம்ம ஊர் வெயிலுக்கு 1 யூனிட்டுக்கு 3 யூனிட் சூடு தாராளமா கிடைக்கும். விளம்பரத்துல வர்ற "மூணுல ரெண்டு பங்கு" இதுதான். உண்மையான விஷயம்.

சரி, எதுல மூணுல ரெண்டு பங்கு? அங்கதான் கணக்கு ஆரம்பிக்குது.

முதல் வீடு: ரெண்டு பேர், வாடகை வீடு

லாஸ்பேட்டையிலோ ரெட்டியார்பாளையத்திலோ ஒரு வாடகை வீடு, ரெண்டு பேர், ஆளுக்கு 20 லிட்டர், அதாவது ஒரு பக்கெட் வெந்நீர்னு வச்சுக்குவோம். மொட்டை மாடி டேங்க்ல தண்ணி ஏற்கெனவே 27 டிகிரி. குளிக்க 40 டிகிரி போதும். ஏத்த வேண்டியது வெறும் 13 டிகிரி.

1 லிட்டர் தண்ணியை 1 டிகிரி ஏத்த 1.163 வாட்-அவர் வேணும். 40 லிட்டர் × 13 டிகிரி போட்டா சுமார் 0.6 யூனிட். டேங்க்ல வீணாகிற சூட்டையும் சேர்த்து 0.8 யூனிட்னு எடுத்துக்குவோம். சித்திரை வெயில்ல யாரும் வெந்நீர் தேட மாட்டாங்க, அதனால வருஷத்துக்கு 200 நாள். மொத்தம் 160 யூனிட். யூனிட் ₹6-னு வச்சா ₹960.

வருஷத்துக்கு ₹960 தாங்க! மூணுல ரெண்டு பங்கு மிச்சம்னா ₹640. கீசரை விட ஹீட் பம்புக்கு ₹90,000 கூடுதலா கொடுத்தா, அந்தப் பணம் திரும்பி வர 140 வருஷம். அதே ₹90,000-ஐ 6% எஃப்டி-ல போட்டாலே வருஷத்துக்கு ₹5,400 வட்டி வரும்.

ரெண்டாவது வீடு: எட்டு பேர், சொந்த வீடு

கீழே அப்பா அம்மா, மாடியில அண்ணன் குடும்பம், அதுக்கு மேல நீங்க. எட்டு பேரும் ஷவர்ல ஆளுக்கு 50 லிட்டர். நாளைக்கு 400 லிட்டர், விரயம் சேர்த்து 7 யூனிட். 250 நாளைக்கு 1,750 யூனிட். பெரிய வீடு, மேல் ஸ்லாப்ல இருப்பீங்க, ₹7-னு வச்சா ₹12,250. மிச்சம் ஏறக்குறைய ₹8,000.

மூணு கீசர் வாங்கற செலவைக் கழிச்சு கூடுதல் செலவு ₹90,000-னா, 11 வருஷம் ஆகும். மெஷினோட ஆயுளே கிட்டத்தட்ட அவ்வளவுதான். இது எல்லைக்கோடு.

இதே எட்டு பேர் ஊட்டியில இருந்தா? டேங்க் தண்ணியே 15 டிகிரி, வருஷம் முழுக்க வெந்நீர். அதே ரேட்ல நாலு, அஞ்சு வருஷத்துல பணம் திரும்பிடும். பிரான்ஸ்ல குளிர்காலம் முழுக்க வீட்டையே சூடாக்கணும், அதான் அங்க பில்லுல பெரிய வித்தியாசம் தெரியுது.

புரியுதா? நம்ம ஊர் சூட்டுல ஹீட் பம்ப் பிரமாதமா ஓடும். ஆனா அதே சூட்டாலதான் நமக்கு அது மிச்சப்படுத்திக் கொடுக்க அதிகமா ஒண்ணும் இல்ல.

உங்க வீட்டுக்கு நீங்களே கணக்குப் போடுங்க

கீசர்ல 2000 வாட்ஸ்னு எழுதியிருக்கும். சிவப்பு லைட் அரை மணி நேரம் எரிஞ்சா 1 யூனிட். ஒரு வாரம் நிமிஷத்தைக் குறிச்சு வைங்க. அதை வருஷக் கணக்கா மாத்தி, உங்க பில்லுல இருக்கற கடைசி ஸ்லாப் ரேட்டால பெருக்குங்க, ஏன்னா குறையற யூனிட் மேல் ஸ்லாப்ல இருந்துதான் குறையும். ஜேஇஆர்சி ரேட்டை மாத்திக்கிட்டே இருக்கும், அதனால புது பில்லை எடுத்துக்கோங்க. வர்ற தொகையில மூணுல ரெண்டு பங்குதான் உங்க மிச்சம். கூடுதல் விலையை இதால வகுங்க. 6 வருஷத்துக்குள்ள வந்தா யோசிக்கலாம்.

யாருக்கு லாபம்?

வீட்ல ரூம் வாடகைக்கு விடறவங்க, சின்ன கெஸ்ட் ஹவுஸ் நடத்தறவங்க. தினமும் வெந்நீர் ஓடும், ரூமுக்கு ஒரு கீசர் வாங்கற செலவும் மிச்சம். சோலார் வாட்டர் ஹீட்டர் இன்னும் மலிவு, ஆனா அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. வெந்நீர் தேவைப்படற நேரத்துலதான் வெயில் இருக்காது. ஹீட் பம்புக்கு மேகம் ஒரு பிரச்சனை இல்ல.

வாங்கறதா இருந்தா மூணு விஷயம் கேளுங்க:

1. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் மாதிரி கடலோரம்னா, காயிலுக்கு உப்புக்காத்தைத் தாங்கற கோட்டிங் இருக்கா?
2. போர் தண்ணி உப்பா இருந்தா டேங்க் அரிக்கும். ஆனோட் ராடை எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், எவ்வளவு ஆகும்?
3. உங்க ஏரியாவுல சர்வீஸுக்கு யார் வருவாங்க?

அப்போ அந்தப் பணத்தை என்ன பண்றது?

வாடகை வீட்ல இருந்தா, 15 லிட்டர் 5 ஸ்டார் கீசர் போதும். குளிக்கறதுக்கு 20 நிமிஷம் முன்னாடி போட்டு, முடிஞ்சதும் அணைச்சிடுங்க. அடுத்து ஏசியைப் பாருங்க. பிஇஇ லேபிள்ல 1,600 மணி நேரத்துக்கு வருஷ யூனிட் எவ்வளவுன்னு போட்டிருக்கும். ராத்திரி 8 மணி நேரம்னா 200 நாள், நம்ம ஊர் உபயோகமே அதுதான். 1.5 டன்ல 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் சுமார் 200 யூனிட் வித்தியாசம் வரும். ₹6-னு வச்சாலே ₹1,200, அந்த ₹640-ஐப் போல ரெண்டு மடங்கு. கூடுதல் விலையோ பல ஆயிரத்துல முடிஞ்சிடும். வீடு மாறும்போது ஏசியைக் கழட்டி எடுத்துட்டும் போகலாம்.

சொந்த மொட்டை மாடி இருந்தா, பிஎம் சூர்யா கர் திட்டத்துல 2 கிலோவாட் சோலார் பேனலுக்கு ₹60,000, 3 கிலோவாட்டுக்கு ₹78,000 மானியம். அந்தக் கரண்ட் வெந்நீருக்கு மட்டும் இல்ல, ஏசி, ஃபிரிட்ஜ் எல்லாத்துக்கும் ஆகும்.

கடைக்காரர் மிச்சத்தை சதவீதத்துல சொன்னா, நீங்க ரூபாயில கேளுங்க. இஎம்ஐ-ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வாரம், அந்த சிவப்பு லைட்டைக் கவனிச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.